மங்கலான ஹெட்லைட்டுக்குப் பெரிய பல்பு மருந்தாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கான குறிப்புகள் உங்கள் வாகனப் பக்கத்தில் வந்திருந்தன. செயின், பிரேக், கார்புரேட்டர் பற்றிச் சொன்னதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹெட்லைட் மங்கலாக இருந்தால் கூடுதல் வாட் பல்பு போட்டுக்கொள்ளலாம் என்ற அந்த ஒரு வரிதான் உறுத்துகிறது. அதை நம்பிச் செய்தால் வெளிச்சம் எதிர்பார்த்த அளவு கூடாது, சுவிட்ச்தான் கருகும். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. இடம் கொடுக்க வேண்டுகிறேன்.

பழைய வண்டியில் வெளிச்சம் குறைந்தால் எல்லோரும் முதலில் பல்பைத்தான் சந்தேகிக்கிறார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பேட்டரியில் இருக்கும் வோல்டேஜ் பல்பு வரை வந்து சேராததுதான் பெரும்பாலும் கோளாறு. வழியில் ஒரு கப்ளரில் (வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் சொருகி) பச்சைக் களிம்பு பூத்திருக்கும், சுவிட்சுக்குள் ஒரு கான்டாக்ட் கருகியிருக்கும், எர்த் போல்ட்டின் (கரண்ட் வண்டியின் சட்டம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இடம்) அடியில் துரு ஏறியிருக்கும். ஒவ்வொன்றும் சின்னத் தடைதான். எல்லாம் சேர்ந்து அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட், 35 வாட் பல்பு எடுப்பது ஏறக்குறைய 3 ஆம்பியர். இந்த அரை ஓம் குறுக்கே நின்றால் 1.3 வோல்ட் வழியிலேயே தொலைந்து, பல்புக்குக் கிடைப்பது சுமார் 10.7 வோல்ட். ஒன்றரை வோல்ட்கூடப் போகவில்லையே என்று தோன்றும். ஆனால் இழை பல்பில் வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வெள்ளையாக எரிய வேண்டிய விளக்கு மஞ்சளாகத் தெரிவது இதனால்தான்.

அதே வயரிங்கில் இப்போது 60 வாட் பல்பைப் போடுங்கள். அது கேட்பது 5 ஆம்பியர். வழியில் தொலைவது 2 வோல்ட்டுக்கு மேல், பல்புக்குப் போவது 10 வோல்ட்டுக்கும் குறைவு. அந்தப் பல்பு தரவேண்டிய வெளிச்சத்தில் ஏறக்குறைய பாதிதான் வெளியே வரும். தொலைந்த வோல்டேஜ் சும்மா போவதில்லை, தடை இருக்கும் இடத்தில் சூடாக மாறுகிறது. 35 வாட் பல்போடு அந்தச் சூடு மூன்றரை வாட் அளவில் இருந்தது; 60 வாட் போட்டதும் எட்டரை வாட் ஆகிவிடும். தீக்குச்சித் தலை அளவுள்ள பித்தளைப் புள்ளி, சுற்றிலும் பிளாஸ்டிக், நடுவில் எட்டரை வாட் சூடு. ஹேண்டில் சுவிட்சைத் திறந்தால் உள்ளே பிளாஸ்டிக் குழைந்து கான்டாக்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடப்பது இப்படித்தான். எச்எஸ்-1 வகை 35/35 வாட் பல்பு உட்காரும் இடத்தில் எச்-4 வகை 60/55 வாட் பல்பின் காதை (அடித்தட்டின் ஓரத்தில் நீட்டியிருக்கும் தகடு) அரத்தால் ராவி நுழைக்கும் கூத்தும் நடக்கிறது. இரண்டுக்கும் உருவம் ஒன்றுபோல இருக்கும். மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்றுதான் காதை வேறு மாதிரி வைத்திருக்கிறார்கள்.

கையில் ஸ்பானர் எடுக்கும் முன் ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும்: ஹெட்லைட் பேட்டரியில் எரிகிறதா, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் மேக்னெட் காயிலில் நேரடியாக எரிகிறதா? எஞ்சினை ஓட விடாமல் சாவியை மட்டும் போட்டு லைட் சுவிட்சைத் தள்ளிப் பாருங்கள். எரிந்தால் டி.சி., அதாவது பேட்டரி லைட். எஞ்சின் ஓடினால்தான் எரியும், ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க வெளிச்சம் ஏறும் என்றால் ஏ.சி., அதாவது காயில் லைட். ஏ.சி. வண்டியில் ஐடிலிங்கில் விளக்கு மங்குவது அதன் சுபாவம், அதைக் கோளாறு என்று துரத்தக் கூடாது. இந்த வித்தியாசம் தெரியாமல் மீட்டரை டி.சி.யில் வைத்து ஏ.சி. வயரை அளந்தால் அர்த்தமில்லாத ஏதோ ஒரு எண் வரும். அதைப் பார்த்துக் காயில் போய்விட்டது என்று முடிவுகட்டி மேக்னெட் கவரையே கழற்றியவர்கள் உண்டு.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பின் இரண்டு முனையிலும் வயர் பற்றவைத்துச் செய்த டெஸ்ட் லேம்ப். இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஒன்றரை மீட்டர் வயர் இரண்டு. 600 நம்பர் உப்புத்தாள், கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ். மீட்டரைவிட டெஸ்ட் லேம்ப் பல இடங்களில் உண்மையைச் சொல்லும். அது ஏன் என்று பின்னால் வருகிறேன்.

பல்பையும் ஒரு முறை பார்த்துவிடலாம். கழற்றி, ஹை, லோ இழைகள் இரண்டுக்கும் பொதுவான முனைக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவே ஓம் அளந்தால் ஒரு ஓமுக்கும் குறைவாகவே காட்டும். ஷார்ட் ஆகிவிட்டதோ என்று பதற வேண்டாம். இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான். அளப்பதற்கு முன் மீட்டரின் இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டு, வருகிற எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி உள்பக்கம் கறுத்திருந்தால் பல்பு வயதாகிவிட்டது, மாற்றுங்கள். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொட வேண்டாம்; தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு மாட்டுங்கள். விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டிய இடம் மட்டும் அளவுக்கு மேல் சூடாகி, கண்ணாடி கெட்டுப்போகும்.

ஹை பீமை ஒரு கணம் மின்னவைக்கும் பாஸ் பட்டன் இருக்கும் வண்டியாக இருந்தால் கருவியே இல்லாமல் பாதித் தூரம் போய்விடலாம். பெரும்பாலான வண்டிகளில் பாஸ் பட்டன் லைட் சுவிட்சையும், ஹை, லோ மாற்றும் டிப் சுவிட்சையும் தாண்டி ஹை பீம் இழைக்கு நேராகக் கரண்ட் கொடுக்கும். டி.சி. வண்டியில் பாஸ் அடித்தால் பளிச்சென்று எரிகிறது, டிப் சுவிட்சில் ஹை போட்டால் மங்குகிறது என்றால் பல்பும் சரி, ஹோல்டரும் சரி, எர்த்தும் சரி. கோளாறு லைட் சுவிட்சிலோ, டிப் சுவிட்சிலோ, இரண்டுக்கும் நடுவில் உள்ள வயரிலோதான். பாஸிலும் மங்கல் என்றால் முதலில் எர்த்தைப் பிடியுங்கள்.

எர்த்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். பாசிட்டிவ் வயரை ஆளாளுக்கு மாற்றுவார்கள், எர்த்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எர்த் விட்டுப்போன ஹெட்லைட் ஒரு விசித்திரமான அடையாளம் காட்டும். லோ பீம் போட்டிருப்பீர்கள். ஹெட்லைட் இருட்டாக இருக்கும். வண்டியின் ஸ்பீடோமீட்டரில் ஹை பீமுக்கான நீல விளக்கு மட்டும் எரியும். பேய் பிடித்ததுபோல இருந்தாலும் கணக்கு நேரானது. லோ இழைக்குள் போன கரண்ட்டுக்குப் பொது முனையில் வெளியேற வழியில்லை. அதனால் அது ஹை இழை வழியாகத் திரும்பி, ஹை பீம் வயரில் பின்னோக்கிப் போய், நீல இண்டிகேட்டர் பல்பு வழியாக எர்த்தைத் தேடிக்கொள்கிறது. இண்டிகேட்டர் சின்னப் பல்பு என்பதால் அந்தக் கொஞ்சக் கரண்ட்டில் அது எரியும், பெரிய இழைகள் இரண்டும் அசையாது. இந்த அடையாளத்தைக் கண்டால் சுவிட்சைத் திறக்கவே வேண்டாம். கிளிப் வயரின் ஒரு முனையைப் பல்பின் எர்த் முனையிலும் மறு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மாட்டுங்கள். பளிச்சென்று எரிந்தால் வேலை முடிந்தது, அந்த இடத்தில் நிரந்தரமாக 1.5 சதுர மி.மீ. வயர் ஒன்றை ஓட்டிவிடுங்கள்.

சில பழைய வண்டிகளில் ஹெட்லைட் டூமுக்கு, அதாவது விளக்கின் கூட்டுக்கு, தனி எர்த் வயரே கிடையாது. டூமிலிருந்து ஃபோர்க், ஃபோர்க்கிலிருந்து ஸ்டியரிங் பேரிங், பேரிங்கிலிருந்து சேஸிஸ் (வண்டியின் சட்டம்) என்று கரண்ட் போகிறது. கிரீஸில் ஊறிக் கிடக்கும் குண்டுகள் வழியாக 3 ஆம்பியர் ஒழுங்காகப் போகும் என்று எதிர்பார்ப்பது அதிகம். ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் விளக்கு மினுக்கும். சேஸிஸுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டியில் இது இன்னும் மோசம், எர்த் போல்ட்டின் அடியிலும் பெயிண்ட் ஏறியிருக்கும். எர்த் வயர் நுனியில் உள்ள வளையமான லக் உட்காரும் வட்டத்தை மட்டும் உலோகம் மின்னும்வரை சுரண்டி, லக்கை வைத்து இறுக்கி, அதன் மேல் கிரீஸ் பூசுங்கள். கிரீஸைப் பூசிவிட்டு லக்கை வைக்காதீர்கள்.

எர்த் சரியாகியும் மங்கல் போகவில்லையா? இனி அளந்து பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பல்பின் கப்ளரைக் கழற்றி, அதில் மீட்டரை வைத்து 12 வோல்ட் காட்டுகிறது, வயரிங் சுத்தம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். கரண்ட் ஓடாதபோது தடை இருந்தாலும் வோல்டேஜ் விழாது. நூல் மாதிரி ஒரே ஒரு செப்பு இழை தொட்டுக்கொண்டிருந்தால்கூட மீட்டர் முழு 12 வோல்ட்டைக் காட்டும். மீட்டர் எடுக்கும் கரண்ட் அவ்வளவு சொற்பம். டெஸ்ட் லேம்பை அங்கே வைத்தால் அது கிட்டத்தட்ட இரண்டு ஆம்பியர் கேட்கும்; உடனே சாயம் வெளுத்துவிடும். ஆகவே பல்பு மாட்டியிருக்க வேண்டும், எரிந்துகொண்டிருக்க வேண்டும், அந்த நிலையில் அளக்க வேண்டும். கப்ளரின் பின்பக்கம் வயர் நுழையும் ஓட்டையில் மீட்டர் முள்ளைச் செருகினால் போதும், வயரைக் குத்த வேண்டியதில்லை. குத்திய ஓட்டையில் தண்ணீர் இறங்கி அடுத்த கோளாறு அங்கேயே பிறக்கும்.

டி.சி. வண்டி என்றால் எஞ்சினை ஓடவிட்டு, ஐடிலிங்கைவிடக் கொஞ்சம் கூட வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பேட்டரியின் இரு முனைகளில் அளங்கள். சார்ஜிங் சரியாக இருந்தால் 13.5 முதல் 14.5 வரை இருக்கும். இதுவே 12.5க்குக் கீழே நின்றால் விளக்கை விட்டுவிட்டுச் சார்ஜிங்கைப் பாருங்கள். அடுத்து எரியும் பல்பின் ஹை முனைக்கும் எர்த் முனைக்கும் நடுவே அளங்கள். பேட்டரியில் 13.8, பல்பில் 11.6 என்று வந்தால் வழியில் 2.2 வோல்ட் தொலைகிறது. எந்தப் பக்கம் என்று பிரிக்க, மீட்டரின் சிவப்பைப் பேட்டரி பாசிட்டிவிலும் கறுப்பைப் பல்பின் ஹை முனையிலும் வையுங்கள். வருகிற எண் பாசிட்டிவ் வழியில் மட்டும் தொலைவது. பிறகு சிவப்பைப் பல்பின் எர்த் முனையிலும் கறுப்பைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள், அது எர்த் வழியில் தொலைவது. எர்த் பக்கம் 0.2, பாசிட்டிவ் பக்கம் 0.5 வரை பரவாயில்லை. அதற்கு மேல் போனால் குற்றவாளி அந்தப் பக்கம்தான்.

பாசிட்டிவ் பக்கம் என்று தெரிந்தால் சிவப்பு முள் பேட்டரியிலேயே இருக்கட்டும். கறுப்பு முள்ளை மட்டும் நகர்த்துங்கள்: ஃபியூஸின் அந்தப் பக்கம், சாவி சுவிட்சின் வெளி வயர், லைட் சுவிட்சின் வெளி வயர், டிப் சுவிட்சின் வெளி வயர், கடைசியாகப் பல்பு. எண் எங்கே ஒரே தாவாகத் தாவுகிறதோ அந்த இரண்டு இடங்களுக்கு நடுவே கோளாறு. ஃபியூஸ் வரை 0.1, சாவி சுவிட்சைத் தாண்டியதும் 1.2 என்றால் சாவி சுவிட்சின் அடித்தட்டைக் கழற்றலாம், ஹேண்டில் பக்கம் போகவே வேண்டாம். இதையே லோ பீமுக்கும் தனியாகச் செய்யுங்கள். ஹை நன்றாக இருந்து லோ மட்டும் மங்கினால், பொது வழி முழுக்கச் சுத்தம், டிப் சுவிட்சின் லோ கான்டாக்ட்டிலோ அதன் பிறகோதான் சிக்கல் என்று அளக்காமலே சொல்லிவிடலாம்.

கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் இருக்கும் வண்டியில், உள்ளே கம்பி முழுசாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். மூடியின் ஓரத்தில் களிம்பு ஏறியிருக்கும், அல்லது பிடித்துக்கொள்ளும் கவ்வி தளர்ந்திருக்கும். பத்து நிமிடம் விளக்கு எரிந்த பிறகு விரலால் தொட்டுப் பாருங்கள், சுட்டால் கவ்வி தளர்ச்சி. சூடு என்பது இந்த வேலையில் மீட்டருக்கு நிகர். எந்தக் கப்ளர் சுடுகிறதோ அங்கே வோல்டேஜ் தொலைகிறது.

செல்ஃப் ஸ்டார்ட் உள்ள பழைய வண்டிகளில் இன்னொரு மறைவிடம் உண்டு. ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரிக்குச் சுமை குறையட்டும் என்று ஹெட்லைட் கரண்ட்டை ஸ்டார்ட்டர் பட்டனுக்குள் ஒரு தனிக் கான்டாக்ட் வழியாகச் சில வண்டிகளில் விட்டிருப்பார்கள். பட்டனை அழுத்தினால் ஹெட்லைட் அணையும், விட்டால் எரியும். அந்தக் கான்டாக்ட்டில் அழுக்கு சேர்ந்தால் மற்ற எல்லா விளக்கும் எரியும், ஹெட்லைட் மட்டும் எரியாது. பல்பு, லைட் சுவிட்ச், டிப் சுவிட்ச் எல்லாம் பார்த்துக் களைத்தவர்கள் ஸ்டார்ட்டர் பட்டனை நாலைந்து முறை அழுத்தி விட்டுப் பாருங்கள். எரிந்துவிட்டால் இடம் தெரிந்துவிட்டது.

ஹேண்டில் சுவிட்சைத் திறப்பது நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சின் இரண்டு பாதியையும் ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துப் பிரியுங்கள். டிப் நெம்புகோலின் அடியில் கடுகைவிடச் சற்றுப் பெரிய ஒரு இரும்புக் குண்டும், அதைத் தள்ளும் ஸ்பிரிங்கும் இருக்கும். திறந்த கணத்தில் தெறித்துவிடும். பைக்குள் திறந்தால் பைக்குள்ளேயே விழும். பிரித்ததும் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நகரும் பித்தளைத் தகட்டில் குமிழ் மாதிரி இரண்டு மூன்று புள்ளிகள் புடைத்திருக்கும். நல்ல புள்ளி மஞ்சளாக மின்னும். கறுத்து, நடுவில் சிறு குழி விழுந்திருந்தால் அதுதான் உங்கள் ஒரு வோல்ட்டைத் தின்றது. 600 நம்பர் உப்புத்தாளை ஒரு தீக்குச்சியில் சுற்றி, கறுப்பு போகும் அளவுக்கு மட்டும் தேய்க்கவும். குமிழ் மட்டமாகும்வரை தேய்த்தால் தகடு எட்டாமல் போய்விடும். தகட்டைத் தாங்கும் ஸ்பிரிங்கைப் பாருங்கள், சூடுபட்டு நீலம் பாய்ந்திருந்தால் அதற்கு அழுத்தம் போய்விட்டது, அப்படியே போட்டால் ஒரு மாதத்தில் மீண்டும் கருகும். பழைய கிரீஸ் கறுத்து ரப்பர் மாதிரி ஆகியிருக்கும், கான்டாக்ட் கிளீனரில் முழுக்கக் கழுவி உலரவிடுங்கள். பெட்ரோலில் கழுவுவது வேண்டாம், பிளாஸ்டிக்குக்கும் நல்லதல்ல, தீப்பொறி வரும் இடத்துக்கும் நல்லதல்ல. பூட்டும்போது சிலிக்கான் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினால் போதும்.

லோவிலிருந்து ஹைக்கு மாற்றும்போது நடுவில் ஒரு கணம் இருள் விழுகிறதா என்றும் கவனியுங்கள். பெரும்பாலான டிப் சுவிட்சுகளில் ஒரு கான்டாக்ட் விடுபடும் முன்பே அடுத்தது தொட்டுக்கொள்ளும், இருள் வராது. தகடு தேய்ந்த பிறகுதான் அந்த இடைவெளி வருகிறது. வளைவில் போகும்போது அந்த ஒரு கணம் பெரியது. அந்தச் சுவிட்சைத் தேய்த்துப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

சுவிட்சுக்குள் வயரை மறுபடி பற்றவைக்க நேர்ந்தால், பழைய ஈயத்தை முதலில் எடுத்துவிட்டு, வயர் நுனியில் தனியாக ஈயம் ஏற்றிக்கொண்டு, மூன்று நொடிக்குள் தொட்டு எடுத்துவிட வேண்டும். சூட்டுக்கோலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் தகட்டைத் தாங்கும் பிளாஸ்டிக் இளகி, இருந்ததையும் இழந்துவிடுவோம்.

வயர் உடையும் இடம் பெரும்பாலும் ஒன்றேதான்: ஸ்டியரிங் கழுத்துப் பக்கம், ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் வளையும் அந்த அரை அடி. வெளியே இன்சுலேஷன் முழுசாக இருக்கும், உள்ளே செப்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். விளக்கை எரியவிட்டு ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மங்கினால் அங்கேதான். சந்தேகப்படும் வயரை இரு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தால் அறுந்த இடம் ரப்பர் மாதிரி நீளும். அந்தத் துண்டை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள வயரைச் சேர்த்து, மேலே சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் ஒரு மழைக்காலம் தாங்காது. புதிய ஜாயின்ட் வளையும் இடத்தில் வராமல் கொஞ்சம் தள்ளி வரும்படி வைப்பது முக்கியம்.

நிறம் பார்த்து வயர் தேடுகிறவர்களுக்கு ஒரு சொல். ஹோண்டாவின் பழைய வண்டிகளில் பொதுவாக நீலம் ஹை, வெள்ளை லோ, பச்சை எர்த். யமஹாவில் மஞ்சள் ஹை, பச்சை லோ, கறுப்பு எர்த். சுசுகியில் மஞ்சள் ஹை, வெள்ளை லோ, கறுப்பில் வெள்ளைக் கோடு எர்த். லூக்காஸ் மின்சாதனம் போட்ட பிரிட்டிஷ் வண்டிகளில் நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை, நீலத்தில் சிவப்புக் கோடு லோ, சிவப்பு எர்த். அவற்றில் பழையவை பாசிட்டிவ் எர்த் என்பதையும் மறக்கக் கூடாது. யமஹாவில் லோ பீமாக இருக்கும் பச்சைதான் ஹோண்டாவில் எர்த். ஒன்றைப் பார்த்து மற்றொன்றில் வேலை செய்தால் ஃபியூஸ்தான் மிஞ்சாது. முப்பது வருடத்தில் எத்தனை கை பட்டதோ, நிறத்தை நம்பிக் கடைசி முடிவு எடுக்காதீர்கள், டெஸ்ட் லேம்பை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

லைட் சுவிட்சைப் போட்டதும் ஃபியூஸ் போகிறது என்றால் ஒன்றன்பின் ஒன்றாக ஃபியூஸை மாற்றிக் காசைக் கரியாக்க வேண்டாம். சிகரெட் தாளைச் சுற்றிப் போடும் வித்தை வேண்டவே வேண்டாம், அடுத்து எரிவது வயரிங் முழுக்க. ஹெட்லைட், டெயில், பைலட், மீட்டர் பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு, ஃபியூஸைக் கழற்றிய இடத்தில் அந்த 21 வாட் டெஸ்ட் லேம்பைக் கிளிப்பால் மாட்டி லைட் சுவிட்சைப் போடுங்கள். ஷார்ட் இருந்தால் லேம்ப் முழு வெளிச்சத்தில் எரியும். வயர் வழியே இரண்டு ஆம்பியருக்கு மேல் போகாது, எதுவும் கருகாது. அது எரிந்துகொண்டிருக்கும்போதே டூமுக்குள் இருக்கும் வயரை அசையுங்கள், ஹேண்டிலைத் திருப்புங்கள், டேங்க் அடியில் போகும் வயர்த் தொகுப்பை அழுத்துங்கள், கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எந்த இடத்தைத் தொட்டதும் லேம்ப் அணைகிறதோ அங்கே வயர் தோல் உரிந்து சேஸிஸைத் தொடுகிறது. ஹெட்லைட் டூமுக்குள் வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் போய்விட்டிருந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

ஏ.சி. வண்டிக்காரர்களுக்கு மேலே சொன்னவற்றில் பெரும்பாலானது பொருந்தும், மீட்டரை மட்டும் ஏ.சி.யில் வைக்க வேண்டும். கூடுதலாகப் பார்க்க வேண்டியது, வோல்டேஜ் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரெகுலேட்டர். எஞ்சினை நல்ல வேகத்தில் வைத்துப் பல்பில் அளந்தால் ஏறக்குறைய 12 முதல் 14 வோல்ட் வர வேண்டும். 15ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ரெகுலேட்டர் வேலை செய்யவில்லை, பல்பு அடிக்கடி போவது அதனால்தான். புது ரெகுலேட்டர் வாங்கும் முன் அதன் போல்ட்டைக் கழற்றி அடிப்பக்கத்தைச் சுரண்டி மறுபடி இறுக்கிப் பாருங்கள். பலவற்றில் உடம்புதான் எர்த். உடம்பு சேஸிஸைச் சரியாகத் தொடாவிட்டால் கூடுதல் வோல்டேஜை அதனால் வடிக்க முடியாது. மாறாக எந்த வேகத்திலும் 6, 7 வோல்ட்டைத் தாண்டாமல் மங்கிக் கிடந்தால், ரெகுலேட்டரின் கப்ளரைக் கழற்றிவிட்டு, ஆக்சிலேட்டரை முறுக்காமல், ஐடிலிங்கில் ஒரே ஒரு கணம் பாருங்கள். வெளிச்சம் குபீரென்று ஏறினால் ரெகுலேட்டர் உள்ளே ஷார்ட். ஏறாவிட்டால் லைட்டிங் காயில் அல்லது அதன் வயர். இன்னும் பழைய, ரெகுலேட்டரே இல்லாத 6 வோல்ட் வண்டிகளில் பல்புகள்தான் வோல்டேஜைக் கட்டுப்படுத்துகின்றன. ஹெட்லைட் போய்விட்டால் அதன் பங்கும் டெயில் பல்பின் தலையில் விழுந்து அதுவும் போகும். அங்கே குறிப்பிட்ட வாட்டைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

சுவிட்சைச் சுத்தம் செய்தும் முழு வோல்டேஜ் வரவில்லை என்றால், டி.சி. வண்டிக்கு ரிலேதான் சரியான வழி; சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. நான்கு கால் கொண்ட 12 வோல்ட், 30 ஆம்பியர் ரிலே இரண்டு தேவை. ஒன்று லோவுக்கு, ஒன்று ஹைக்கு. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மி.மீ. வயரை 30 என்று எழுதிய காலுக்குக் கொண்டுவாருங்கள். ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும். 87 காலிலிருந்து பல்புக்கு. பல்புக்கு முன்பு வந்துகொண்டிருந்த பழைய வயரை 86க்கு, 85ஐ எர்த்துக்கு. சுவிட்ச் வழியாக 3, 5 ஆம்பியர் போன இடத்தில் இனி ரிலேயின் காயிலுக்கான 0.15 ஆம்பியர் அளவுதான் போகும், சுவிட்ச் கருக வழியே இல்லை. பல்பின் எர்த்துக்கும் 2.5 வயரே பேட்டரி நெகட்டிவ் வரை போகட்டும். ரிலேயைக் கால் கீழ்ப்பக்கம் பார்க்கும்படி மாட்டுங்கள், தண்ணீர் தங்காது. ஏ.சி. விளக்குக்கு இந்த ரிலேயை மாட்டினால் கடகடவென்று துடிக்குமே தவிரப் பிடிக்காது.

பெரிய பல்புதான் வேண்டும் என்று இன்னமும் நினைப்பவர்கள், வண்டியின் காயில் மொத்தம் எத்தனை வாட் தருகிறது என்று மேனுவலில் பார்த்துவிட்டு, ஹெட்லைட், டெயில் 5, பிரேக் 21, மீட்டர் பல்புகள், இக்னிஷன் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை காயிலின் அளவைத் தாண்டினால் இரவு ஓட்டம் ஒவ்வொன்றும் பேட்டரியை வடிக்கும். எல்.இ.டி. பல்பு குறைந்த வாட்டில் எரியும் என்பது உண்மை. ஆனால் இழை பல்புக்காக வார்த்த ரிஃப்ளெக்டரில் ஒளி பிறக்கும் இடம் சில மில்லி மீட்டர் மாறினாலும் கற்றை சிதறும், வண்டி ஓட்டுகிறவருக்கு வெளிச்சமாகத் தெரிவது எதிரே வருகிறவரின் கண்ணைக் குருடாக்கும். ஏ.சி. வண்டியில் அது துடிக்கவும் செய்யும். மொத்த வயரிங் செட்டையும் மாற்றச் சொல்கிறவர்களிடம், எந்த இரண்டு இடத்துக்கு நடுவே எத்தனை வோல்ட் விழுகிறது என்று கேளுங்கள். எண் சொல்ல முடியாவிட்டால், மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதைதான்.

வோல்டேஜ் சரியானதும் விளக்கின் நோக்கத்தையும் ஒரு முறை சரிபார்த்துவிட வேண்டும். இவ்வளவு நாள் மங்கலாக இருந்ததால் யாரோ டூமை மேலே தூக்கி வைத்திருப்பார்கள். சமதரையில் வண்டியைச் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி, ஒருவர் மேலே உட்கார்ந்து நேராக நிறுத்துங்கள். ஹெட்லைட்டின் நடுப்புள்ளி உயரத்தைச் சுவரில் குறித்து, லோ பீமின் மேல் விளிம்பு அதற்கு 10 முதல் 15 சென்டி மீட்டர் கீழே விழும்படி வைத்து டூம் போல்ட்டை இறுக்குங்கள்.

இப்படிக்கு,
பழைய வண்டிகளின் வயரிங் வேலை பார்க்கும் வாசகர்